டோவர் கோட்டையின் பாதுகாப்பு அமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோவர் கோட்டைக்குப் போகிறவர்களில் பலர் நடுவில் இருக்கும் பெரிய கோபுரத்தில் ஏறி, கடலைப் பார்த்து, இரண்டாம் உலகப்போர்ச் சுரங்கத்தையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை, ஆனால் அந்தக் கோட்டை ஏன் அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கான பதில் கோபுரத்திலும் இல்லை, கடல் பக்கத்திலும் இல்லை. வடக்கே, ஆள் நடமாட்டம் குறைந்த அகழிப் பக்கம் இருக்கிறது. என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் பாதிக்கு மேல் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இந்தக் கோட்டை எங்கே இருக்கிறது, ஏன் அந்த இடம்?

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், கென்ட் பகுதியில், டோவர் நகரத்துக்கு நேர் மேலே. பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் கடல் மிகக் குறுகலாக இருக்கும் இடம் இதுதான், சுமார் 33 கிலோமீட்டர். வானம் தெளிவாக இருந்தால் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும். ஐரோப்பாவிலிருந்து படையோடு வருகிறவனுக்கு இதைவிடக் குறைந்த தூரம் கிடையாது, வணிகனுக்கும் அப்படித்தான், கேன்டர்பரி என்ற புனிதத் தலத்துக்குப் போகும் யாத்திரிகனுக்கும் அப்படித்தான். 13ஆம் நூற்றாண்டில் மேத்யூ பாரிஸ் என்ற துறவி இதை இங்கிலாந்தின் சாவி என்று எழுதினார். அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மலை என்றால் நம் ஊர்க் கருங்கல் மலையை நினைக்க வேண்டாம். இது முழுக்க வெண்சுண்ணப் பாறை, பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் மாதிரி வெள்ளையாகவும் மென்மையாகவும் இருக்கும். இந்த மென்மையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்பத் திரும்ப வரும்.

மலை உச்சியில் இருந்தாலே பாதுகாப்புதானே, இத்தனை மதில் எதற்கு?

எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உயரம் இருந்தால்தான் அந்தப் பேச்சு செல்லும். டோவரில் தெற்கே கடலைப் பார்த்தபடி நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தான பாறை, அந்தப் பக்கத்தை இயற்கையே பார்த்துக்கொள்கிறது. மேற்கே நகரத்தை நோக்கி நல்ல சரிவு, மேலே ஏறி வருகிறவனுக்கு மூச்சு வாங்கும், மேலே நிற்கிறவனுக்கு அவன் நல்ல குறி. வடக்கேதான் சிக்கல். அங்கே மலை முடிவதே இல்லை, முகடு அப்படியே உள்நாட்டுப் பக்கம் தொடர்ந்து போகிறது. அந்த மேட்டில் படை கூடாரம் போடலாம், கல்லெறியும் பொறிகளை நிறுத்தலாம், சமதளத்தில் நடந்தே வாசலுக்கு வரலாம். பிற்காலத்தில் பீரங்கி வந்ததும் கிழக்குப் பக்கத்து மேடும் இதேபோலத் தொல்லையாகிவிட்டது.

அதனால் இந்தக் கோட்டையை நான் பார்க்கும் விதம் இதுதான்: மூன்று பக்கம் இயற்கை கொடுத்த பலம், ஒரு பக்கம் இயற்கை வைத்த ஓட்டை, அந்த ஓட்டையை அடைக்க 600 வருடமாகத் தலைமுறை தலைமுறையாக மூளையைக் கசக்கியிருக்கிறார்கள்.

இதைக் கட்டியது யார்?

ஒருவர் இல்லை. மலையைச் சுற்றியுள்ள மண்மேடுகளின் வடிவத்தை வைத்து, ரோமானியர் வருவதற்கு முன்பே இங்கே ஒரு மலைக்கோட்டை இருந்திருக்கலாம் என்று சொல்வதுண்டு. ரோமானியர்கள் கலங்கரை விளக்கம் கட்டினார்கள், அது வெளியே எண்கோணமும் உள்ளே சதுரமுமாக இன்னும் நிற்கிறது, பக்கத்திலேயே கி.பி. 1000ஐ ஒட்டிய சாக்சன் தேவாலயம் ஒன்றும் இருக்கிறது. 1066இல் பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்து ஹேஸ்டிங்ஸ் போரில் ஜெயித்த வில்லியம், லண்டனுக்குப் போகும் வழியில் இங்கே வந்து எட்டு நாள் தங்கி அரணைப் பலப்படுத்திவிட்டுத்தான் நகர்ந்தார்.

இன்று நாம் கோட்டை என்று பார்க்கும் கல் கட்டடத்தின் முக்கியப் பகுதியை 1180களில் கட்டியவர் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி. மேற்பார்வை பார்த்தவர் மாரிஸ் என்ற கட்டடப் பொறியாளர், இதற்கு முன் நியூகாசில் கோபுரத்தைக் கட்டிய அனுபவம் உள்ளவர். செலவு சுமார் 6,500 பவுண்டு. ஹென்றி வேறு எந்த இங்கிலாந்துக் கோட்டைக்கும் இவ்வளவு பணம் கொட்டவில்லை.

அந்தப் பெரிய கோபுரம் போருக்காகக் கட்டியதா, ஆடம்பரத்துக்கா?

இரண்டுக்கும்தான். ஆனால் ஆடம்பரத்தின் பங்கைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது என் எண்ணம். 1170இல் கேன்டர்பரி பேராலயத்துக்குள்ளேயே அதன் பேராயர் தாமஸ் பெக்கெட் கொலை செய்யப்பட்டார், மூன்றே வருடத்தில் புனிதராக அறிவிக்கப்பட்டார், ஐரோப்பா முழுவதிலிருந்தும் யாத்திரிகர்கள் டோவரில் இறங்க ஆரம்பித்தார்கள். 1179இல் பிரான்ஸ் மன்னர் ஏழாம் லூயியே வந்தார். அவரை வரவேற்க ஹென்றி டோவர் வரை வந்தபோது அங்கே ஒரு ராஜாவை உட்கார வைக்கத் தகுந்த இடமே இல்லை. அடுத்த சில வருடங்களில் இந்தக் கோபுரம் எழுகிறது என்றால் இரண்டையும் முடிச்சுப் போடாமல் இருக்க முடியவில்லை.

பாதுகாப்பு என்று பார்த்தால் உயரம் 25 மீட்டர், ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 30 மீட்டர், சுவரின் கனம் சில இடங்களில் 6.4 மீட்டர். சுவருக்குள்ளேயே அறைகள் குடைந்திருக்கிறார்கள். உள்ளே நடுவில் ஒரு குறுக்குச்சுவர் ஓடுகிறது, அது கூரையைத் தாங்குகிறது, ஒரு பாதியில் எதிரி நுழைந்துவிட்டாலும் மறு பாதியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட இடம் கொடுக்கிறது. வாசல் தரைமட்டத்தில் கிடையாது, மேல்தளத்தில் இருக்கிறது. அங்கே போகும் படிக்கட்டு கோபுரத்தின் பக்கவாட்டில் ஒட்டிய தனி முன்கட்டடத்துக்குள் திரும்பித் திரும்பி ஏறுகிறது. அந்தப் படிக்கட்டு முதலில் கூரை இல்லாமல் திறந்தே இருந்தது, வழியில் ஒரு தூக்குப்பாலமும் உண்டு. விருந்தாளிக்கு அது ராஜ மரியாதையோடு ஏறும் வழி. எதிரிக்கோ, தலைக்கு மேலிருந்து கல்லும் அம்பும் விழ, முகப்பைக்கூடப் பார்க்க முடியாமல் ஒடுங்கி ஏற வேண்டிய வழி. ஒரே படிக்கட்டை இரண்டு வேலைக்கும் பொருத்தியதில்தான் மாரிஸின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது.

மலை மேல் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

கோபுரத்துக்குள்ளேயே கிணறு. பாறையைத் துளைத்து ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்துக்கு இறக்கியிருக்கிறார்கள், கிணற்றின் வாய் மேல்தளத்தில் திறக்கிறது, அதாவது கீழ்த்தளம் எதிரி கைக்குப் போனாலும் மேலே இருப்பவர்களுக்குத் தண்ணீர் நிற்காது. அங்கிருந்து சுவருக்குள் பதித்த ஈயக் குழாய்கள் வழியாக மற்ற இடங்களுக்கும் தண்ணீர் போயிற்று. 12ஆம் நூற்றாண்டில் இது பெரிய வசதி. முற்றுகையில் மதிலைவிடக் கிணறுதான் முதலில் கைகொடுக்கும். மதில் இடிந்தால் மரம் வைத்து அடைக்கலாம், தண்ணீர் தீர்ந்தால் நாலே நாளில் கதவைத் திறந்துவிட வேண்டியதுதான்.

ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மதில் வைப்பதில் என்ன லாபம்?

ஹென்றி பெரிய கோபுரத்தைச் சுற்றி 14 சதுரக் கோபுரங்கள் கொண்ட உள்மதிலைக் கட்டினார். அதன் வடக்கிலும் தெற்கிலும் வாசல்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு முன்னரண். அப்புறம் அதற்கு வெளியே இன்னொரு மதிலையும் ஆரம்பித்தார், அதை மகன் ஜான் தொடர்ந்தார், பேரன் மூன்றாம் ஹென்றி 1250களில் பாறை விளிம்பு வரை கொண்டுபோய் முடித்தார். மேற்கு ஐரோப்பாவில் இப்படி அடுக்கு மதில் கட்டிய முன்னோடிக் கோட்டைகளில் டோவர் ஒன்று.

லாபம் எளிதாகப் புரியும். வெளிமதிலை எதிரி பிடித்துவிட்டான் என்று வையுங்கள், அவன் ஜெயித்துவிட்டதாக நினைத்து உள்ளே குதிக்கும் இடம் இரண்டு மதிலுக்கும் நடுவிலுள்ள வெளி. அங்கே மறைய இடமில்லை, உள்மதிலிலிருந்து எல்லா அம்பும் அவன் மேல்தான். வெளிமதிலைப் பிடித்தவன் வேலையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதுவும் பாதிப் படையை இழந்த பிறகு.

கோபுரங்கள் சில சதுரமாகவும் சில வளைவாகவும் இருக்கின்றனவே, ஏன்?

நல்ல கேள்வி, ஏனென்றால் ஒரே கோட்டைக்குள் கால மாற்றத்தைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் இடம் இது. ஹென்றி காலத்து உள்மதில் கோபுரங்கள் சதுரம். சதுரத்தில் கட்டுவது சுலபம், ஆனால் இரண்டு குறை. மூலைக்கு முன்னால் மேலிருந்து சரியாகக் குறிபார்க்க முடியாத ஓர் இடம் விழும், எதிரி அங்கே ஒண்டிக்கொள்வான். இரண்டாவது, மூலைக் கல்லைப் பெயர்த்தாலோ அதன் அடியில் தோண்டினாலோ அந்த முனையே சரிந்துவிடும். ஜான் காலத்து வெளிமதிலில் முன்பக்கம் அரைவட்டமாக வளைந்த கோபுரங்கள் வந்துவிட்டன, மூலை என்ற ஒன்றே கிடையாது.

கிழக்குப் பக்கம் பழைய மண்மேடு திரும்பும் மடிப்பில் அவ்ராஞ்ச் கோபுரம் என்று ஒன்று உண்டு. ஹென்றி காலத்தின் கடைசியில் கட்டியது, பல பட்டைகள் கொண்டது, அம்புத்துளைகளைக் கூட்டம் கூட்டமாக வைத்து ஒரே இடத்திலிருந்து பல திசையில் எய்யும்படி அமைத்திருக்கிறார்கள். பலவீனமான ஒரு திருப்பத்தில் வில்லாளிகளைக் குவித்து வைக்கும் யோசனை அது. கூட்டம் அதிகம் போகாத கோபுரம், ஆனால் எனக்குப் பெரிய கோபுரத்தைவிட இதுதான் பிடிக்கும்.

1216 முற்றுகையில் உண்மையில் என்ன நடந்தது?

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கோட்டையின் பிற்கால வடிவம் முழுக்க இதிலிருந்துதான் பிறந்தது.

ஜான் மன்னருக்கு எதிராகக் கிளர்ந்த பிரபுக்கள் பிரெஞ்சு இளவரசர் லூயியை, பின்னால் எட்டாம் லூயியாக முடிசூடியவர், இங்கிலாந்தின் அரியணைக்கே அழைத்தார்கள். 1216 மே மாதம் அவர் இறங்கினார், லண்டன் அவர் பக்கம் போயிற்று, தென்கிழக்கில் பெரும்பாலான கோட்டைகள் பணிந்தன. டோவர் பணியவில்லை. உள்ளே ஹியூபர்ட் டி பர்க் என்ற தளபதியும் நைட் எனப்படும் குதிரைவீரர்கள் 140 பேரும் நிறையக் காலாட்களும் இருந்தார்கள். ஜூலையில் லூயி வந்து, படையின் ஒரு பகுதியை நகரத்தில் நிறுத்திவிட்டு, முக்கியத் தாக்குதலை எங்கிருந்து தொடங்கினார் என்றால், வடக்கு மேட்டிலிருந்து. வேறு எங்கிருந்து?

அப்போது கோட்டையின் பிரதான வாசல் சரியாக வடக்கு முனையில்தான் இருந்தது, இரட்டைக் கோபுரம் வைத்த வாசல், அதற்கு முன்னால் மரவேலி அடைத்த ஒரு முன்னரண். எதிரிக்கு வசதியான பக்கத்தில் கோட்டையின் வாயைத் திறந்து வைத்த மாதிரி. முன்னரண் முதலில் விழுந்தது. பிறகு சுரங்கக்காரர்கள் வாசலின் கிழக்குக் கோபுரத்துக்கு அடியில் தோண்டினார்கள். முறை இதுதான்: அஸ்திவாரத்துக்குக் கீழே குடைந்துகொண்டே போய், மேலே உள்ள எடையை மரத்தூண்களால் முட்டுக்கொடுத்து நிறுத்தி, போதிய அளவு குடைந்ததும் தூண்களுக்குத் தீ வைத்துவிட்டு வெளியேறிவிடுவது. தூண் எரிந்து ஒடிந்ததும் மேலே இருப்பது தானே சரியும். பாறை மென்மை என்று முதலில் சொன்னேன் இல்லையா, அகழி வெட்டவும் கிணறு தோண்டவும் உதவிய அதே மென்மை இப்போது எதிரிக்கு உதவியது.

கோபுரம் சரிந்தது, பிரெஞ்சுப் படை உள்ளே பாய்ந்தது. இங்கேதான் ஹியூபர்ட்டின் ஆட்கள் நின்றார்கள். இடிபாட்டுக்குள் கைகலப்பாகச் சண்டை போட்டு எதிரியைத் தள்ளிவிட்டு, பெரிய பெரிய மரக்கட்டைகளைக் குறுக்கே அடுக்கி உடைப்பை அடைத்துவிட்டார்கள். அதற்கு மேல் லூயியால் நகர முடியவில்லை. வெளியே கென்ட் காடுகளில் வில்லியம் ஆஃப் கேசிங்ஹாம் என்பவரின் வில்லாளிகள் அவருடைய ஆட்களை மறைந்திருந்து தாக்கிக்கொண்டே இருந்தார்கள். அக்டோபர் 14இல் போர் நிறுத்தம், சில நாளில் ஜான் மன்னர் இறந்தார், அவருடைய ஒன்பது வயது மகன் மூன்றாம் ஹென்றி அரசரானார்.

1217 மே மாதம் லூயி பெரிய கவண் பொறியோடு டோவருக்குத் திரும்பி வந்தார். ஆனால் படையைப் பிரித்து ஒரு பகுதியை டோவரில் வைத்துக்கொண்டதில் இன்னொரு பகுதி மே 20இல் லிங்கன் நகரத்தில் தோற்றது. ஆகஸ்ட் 24இல் பிரான்ஸிலிருந்து அவருக்கு வந்த உதவிக் கப்பல்களைச் சாண்ட்விச் என்ற ஊரின் அருகே கடலில் மறித்து அடித்தார்கள், அந்த இங்கிலாந்துக் கப்பற்படையில் நம் ஹியூபர்ட்டும் இருந்தார். அடுத்த மாதம் லூயி சமாதானம் பேசிவிட்டுக் கிளம்பிப் போனார்.

அந்த முற்றுகைக்குப் பிறகு என்ன மாற்றினார்கள்?

ஹியூபர்ட்டே பொறுப்பில் இருந்தார். எங்கே அடி விழுந்தது என்று உடம்பால் அறிந்தவர் செய்யும் வேலை எப்படி இருக்கும் என்பதற்கு வடக்கு முனை சாட்சி. வடக்கு வாசலைச் சரிசெய்யவே இல்லை, ஒரேயடியாக மூடிவிட்டார். வாசல் இருந்த இடைவெளியில் உள்ளே வெற்றிடமே இல்லாத, முன்னால் கப்பல் மூக்காகக் கூர்த்த கெட்டியான கோபுரம் ஒன்று எழுந்தது. இரண்டு பக்கக் கோபுரங்களையும் சேர்த்து நார்ஃபோக் கோபுரங்கள் என்கிறார்கள்.

அதோடு விடவில்லை. எதிரி வந்து நின்ற மேட்டை எதிரிக்கே விடக்கூடாது என்று அகழிக்கு அப்பால் மண் அரண் ஒன்றை எழுப்பி, அகழிக்குள்ளேயே செயின்ட் ஜான் கோபுரம் என்ற வட்டக் கோபுரத்தை நிறுத்தி, கோட்டைக்குள்ளிருந்து மதிலுக்கு அடியில் பாறையைக் குடைந்து அந்தக் கோபுரம் வரைக்கும், அதையும் தாண்டி வெளி அரண் வரைக்கும் சுரங்கப்பாதை போட்டார்கள். இப்போது வடக்கு மேட்டில் கூடாரம் போடுகிறவனுக்கு நிம்மதியான தூக்கம் கிடையாது. எந்த ராத்திரியில் தரைக்கு அடியிலிருந்து ஆட்கள் கிளம்பி வந்து பொறிகளுக்குத் தீ வைப்பார்கள் என்று சொல்ல முடியாது. லூயி சுரங்கம் தோண்டித் தாக்கினார், அடுத்த பத்து வருடத்துக்குள் அதே பாறையில் அதே இடத்தில் சுரங்கம் பாதுகாப்பு ஆயுதமாக மாறிவிட்டது. இந்தக் கோட்டையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்க்க முடியும் என்று யாராவது சொன்னால், நான் கோபுரத்தை விட்டுவிட்டு இந்தச் சுரங்கத்துக்குத்தான் அனுப்புவேன்.

அப்படியானால் புதிய வாசல் எங்கே போனது?

மேற்கே, சரிவு அதிகமுள்ள பக்கத்துக்கு. 1220களில் கட்டிய அந்த வாசலுக்குக் கான்ஸ்டபிள்ஸ் கேட் என்று பெயர். வாசல் என்பதைவிட, வளைந்த கோபுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் ஒரு குட்டிக் கோட்டை என்பதே சரி. கோட்டைத் தலைவரின் வீடும் அதற்குள்தான். வாசல்தான் எதிரி முதலில் தேடும் இடம், அதனால் பொறுப்பாளி அங்கேயே குடியிருக்கட்டும் என்ற கணக்கு. கிழக்கே ஃபிட்ஸ்வில்லியம் கேட் என்று ஒரு திட்டிவாசலும் வைத்தார்கள், உள்ளிருந்து திடீரென வெளியேறி எதிரியைப் பக்கவாட்டில் அடிக்க.

கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார்களா?

சினிமாவில் ஊற்றுவார்கள். எண்ணெய் விலை கூடிய பொருள், முற்றுகையில் உணவும்கூட. கல், சுடுதண்ணீர், சுடுமணல், சுண்ணாம்பு இவையெல்லாம் கைக்கு எட்டும், இலவசம், அதே வேலையைச் செய்யும். அம்பும் கல்லும்தான் பெரும்பாலான சண்டையை நடத்தின.

கீழே உள்ள துறைமுகத்தையும் நகரத்தையும் கோட்டை காப்பாற்றியதா?

எப்போதும் இல்லை. 1295இல் பிரெஞ்சுக்காரர்கள் கடல் வழியாக வந்து டோவர் நகரத்தை எரித்துவிட்டுப் போனார்கள், மேலே கோட்டைக்கு ஒரு கீறல் விழவில்லை. நூறு மீட்டர் உயரத்திலிருந்து எய்யும் அம்பு கரையில் இறங்குகிறவனைத் தடுக்காது. உயரம் கோட்டைக்குப் பாதுகாப்பு, ஊருக்கு அல்ல. இதனால்தான் பீரங்கிக் காலம் வந்ததும் எட்டாம் ஹென்றி 1539ஐ ஒட்டிப் பாறையின் அடியிலேயே, கடல்மட்டத்தை ஒட்டி, மோட்ஸ் புல்வார்க் என்ற பீரங்கி மேடையைக் கட்டினார்.

யாருமே பிடிக்காத கோட்டை என்கிறார்களே, சரியா?

இல்லை. 1642இல் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் தொடங்கும் சமயம் கோட்டை மன்னர் பக்கம் இருந்தது, ஆனால் காவலுக்கு இருந்தவர்கள் மிகக் கொஞ்சம். ஆகஸ்ட் 21 இரவு நாடாளுமன்ற ஆதரவாளர்கள், ஒரு டசன் பேர் இருந்தாலே அதிகம், கயிறும் ஏணியும் கொண்டு கடல் பக்கப் பாறையில் ஏறி உள்ளே நுழைந்துவிட்டார்கள். சண்டைகூட இல்லாமல் கோட்டை கைமாறியது.

அவர்கள் ஏறிய பக்கத்தைக் கவனியுங்கள். வடக்கே 400 வருடமாகப் பணத்தையும் கல்லையும் கொட்டியிருக்கிறார்கள், இயற்கையே பார்த்துக்கொள்ளும் என்று விட்ட தெற்குப் பக்கத்தில் ஆளே இல்லை. மதிலும் பாறையும் எதிரியின் வேகத்தைக் குறைக்கத்தான் முடியும், அந்த நேரத்தில் மேலே நின்று தடுக்க யாராவது இருக்க வேண்டும்.

பீரங்கி வந்த பிறகு பழைய மதில்களை ஏன் இடித்துவிடவில்லை?

சிலவற்றை வெட்டிக் குட்டையாக்கினார்கள், நீங்கள் இன்று பார்க்கும் வெளிமதில் கோபுரங்களில் பலவும் முன்பு இன்னும் உயரமாக இருந்தவை. உயர்ந்த மெல்லிய கல் சுவர் குண்டுக்கு நல்ல இலக்கு, குட்டையான தடித்த மண்மேடு குண்டை விழுங்கிவிடும். 1790களில் பிரான்ஸோடு போர் நடந்த காலத்தில் வில்லியம் ட்விஸ் என்ற ராணுவப் பொறியாளர் இந்தக் கொள்கைப்படிதான் வேலை செய்தார். கிழக்கு மேட்டிலிருந்து பீரங்கி சுடும் என்ற பயத்தில் அந்தப் பக்கம் ஹார்ஸ்ஷூ கொத்தளம், ஹட்சன் கொத்தளம் என்று மண் கொத்தளங்களை வரிசையாகப் போட்டார், மேற்கிலும் ஒன்று. பெரிய கோபுரத்தின் கூரையை எடுத்துவிட்டுத் தடித்த செங்கல் வளைவுக்கூரை போட்டது, மேலே பீரங்கி நிறுத்த. ராஜா விருந்தாளியை வரவேற்கக் கட்டிய கோபுரம் பீரங்கி மேடையாகிப்போனது.

வடக்கை மட்டும் அவரும் விடவில்லை. ஹியூபர்ட் காலத்துச் சுரங்கப்பாதைகளை அகலப்படுத்தி, எதிரி உள்ளே நுழைந்தால் தள்ளி இருக்கும் காவலறையிலிருந்தே இயக்கி மூடக்கூடிய கதவுகளை வைத்தார். நுழைந்தவன் முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. 13ஆம் நூற்றாண்டு யோசனை 18ஆம் நூற்றாண்டிலும் செல்லுபடியானதை நினைத்தால் ஹியூபர்ட் மேல் மரியாதை கூடுகிறது.

கடல் பார்த்த பாறைக்குள் இருக்கும் சுரங்கங்கள் இரண்டாம் உலகப்போரில் தோண்டியவையா?

ஒரு பகுதி மட்டும். முதலில் தோண்டியது 1797இல் ஆரம்பித்து, ட்விஸின் மேற்பார்வையில், ராணுவ வீரர்கள் தங்குவதற்காக. படையெடுப்புப் பயத்தில் டோவரில் வந்து குவிந்த ஆட்களுக்கு மேலே இடமில்லை, அதனால் பாறை உச்சிக்குச் சில மீட்டர் கீழே குடைந்து, கடல் பக்கம் காற்றுக்குத் திறப்பு விட்டு, 2,000 பேர் வரை தங்கவைத்தார்கள். நெப்போலியன் வரவே இல்லை. போர் முடிந்து சில காலம் கடத்தல்காரர்களைப் பிடிக்கும் படை அங்கே இருந்தது, பிறகு காலி.

1940 மே மாதம் அங்கிருந்துதான் துணை அட்மிரல் பெர்ட்ராம் ராம்சே, பிரான்ஸின் டன்கர்க் கரையில் ஜெர்மன் படையிடம் சிக்கிக்கொண்ட வீரர்களை மீட்கும் வேலையை நடத்தினார். மே 26 முதல் ஜூன் 4 வரை 3,38,000க்கும் மேற்பட்ட வீரர்கள் கடல் தாண்டி வந்து சேர்ந்தார்கள். 1941இல் மருத்துவமனைக்காக ஒரு தளமும், 1942இல் தலைமையகத்துக்காகக் கீழே இன்னொரு தளமும் தோண்டினார்கள். பனிப்போர்க் காலத்தில் அணுகுண்டு விழுந்தால் வட்டார நிர்வாகம் இயங்க வேண்டிய இடமாக அதை மாற்றி வைத்திருந்தார்கள், 1980களில்தான் கைவிட்டார்கள்.

ஒரே நாளில் பார்க்க எந்த வரிசையில் போகலாம்?

போர்க்காலச் சுரங்கத்துக்கு வரிசை நீளும் என்பதால் பலரும் காலையிலேயே அங்கே ஓடுகிறார்கள், ஓடட்டும். நீங்கள் முதலில் வெளிப்பக்கமாக வடக்கு முனைக்குப் போய், அகழிக்கு அப்பால் நின்று, லூயி பார்த்த பக்கத்திலிருந்து மதிலைப் பாருங்கள். அடைத்த வாசலும் கூர்மூக்குக் கோபுரமும் அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும். அப்புறம் உள்ளே வந்து இடைக்காலச் சுரங்கத்தில் இறங்குங்கள். சரிவாகவும் ஈரமாகவும் இருக்கும், வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், முட்டி வலி உள்ள பெரியவர்களை மேலேயே உட்கார வைத்துவிடுவது நல்லது. அதற்குப் பிறகு வெளிமதிலை ஒட்டிக் கிழக்காக அவ்ராஞ்ச் கோபுரம், உள்மதில், கடைசியில் பெரிய கோபுரம். இந்த வரிசையில் போனால் கோட்டையை எதிரி எப்படிச் சந்தித்திருப்பானோ அந்த ஒழுங்கில் பார்ப்பீர்கள்.

நேரம் மிச்சமிருந்தால் நகரத்துக்கு எதிர்ப்பக்க மேட்டில் வெஸ்டர்ன் ஹைட்ஸ் என்ற ராணுவ அரண் இருக்கிறது. மலை மேல் தங்கிய வீரர்கள் துறைமுகத்துக்கு அவசரமாக இறங்குவதற்காக, ஒரே கிணற்றுக் குழிக்குள் மூன்று சுழல் படிக்கட்டுகளை ஒன்றோடொன்று பின்னி 1800களின் தொடக்கத்தில் கட்டியிருக்கிறார்கள், கிராண்ட் ஷாஃப்ட் என்று பெயர். எல்லா நாளும் திறந்திருக்காது, போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.